ஞாயிறு தின்றதைத் திங்கள் காலை எழுதினேன்

அன்பு மகள் லூபேக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அப்பாவும் மூச்சோடும் பசியோடும் இருக்கிறோம், பெரிய பன்றி போன வாரம் எட்டுக் குட்டி போட்டது, ஏழு தங்கியது. நீயும் மாப்பிள்ளையும், நான் இன்னும் கையில் தூக்காத என் பேத்தி சிலியாவும் ஆக்லாந்துக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை உன் அத்தை கலோலைனே கையில் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் சிவப்பு நகப்பாலிஷ் தடவியிருக்கிறேன், அதில் விரிசல் இருந்தால் எனக்குச் சொல். அவள் எதிரில் உட்கார்ந்து இதைப் படிக்காதே, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி, சிரிப்பு வந்தால் குழாயைத் திறந்துவிடு.

போனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஜிம்மில் சேர்ந்திருக்கிறாய், ஆறு நாள் பத்தியம், ஒரு நாள் இஷ்டம்போலச் சாப்பிடலாம், தின்பதையெல்லாம் போனில் பதிந்துகொண்டே வர வேண்டும், அந்த இஷ்ட நாளில் மட்டும் பதிவதா வேண்டாமா என்று உனக்கும் உன் கூட வேலை செய்கிற பெண்ணுக்கும் தகராறு. ஜிம் மாஸ்டர், அந்த ஒரு நாளாவது மனசு லேசா இருக்கட்டும், விட்டுடுங்க என்றாராம். அவருக்கு நம் தீவு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. பதி என்பதுதான் என் பதில். ஏன் என்று கேட்டால், எனக்கு வர வேண்டிய டிக்கெட்டில் உன் அத்தை எப்படி ஏறி வந்து உன் வீட்டில் இறங்கினாள் என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஈஸ்டர் கழிந்ததும் நம் சபைப் பெண்கள் சங்கத்தில் எடை குறைக்கும் போட்டி வைத்தார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் செய்னி ஒவ்வொரு திங்கள் சாயங்காலமும் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு சபைக் கூடத்துக்கு வருவாள். ஆகஸ்ட் கடைசி வரைக்கும் யார் அதிகம் குறைக்கிறாளோ அவளுக்கு ஆக்லாந்தில் நடக்கிற பெண்கள் மாநாட்டுக்குப் போக வர டிக்கெட். முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்தோம். மற்றவர்களுக்கு அது மாநாடு, எனக்கு அது சிலியா. நீ டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன் என்று எத்தனை தடவை சொன்னாய், வேண்டாம் என்றேனே, என் பேத்தியைப் பார்க்க நானே சம்பாதித்து வருவேன் என்ற திமிர்தான். ஆளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்தார்கள், வாயில் போட்டதெல்லாம் அதில் வர வேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனால் என் எழுத்து கோடு தாண்டாது, போதகரே எடுத்துப் பார்த்துவிட்டு இது அச்சு மாதிரி இருக்கே என்றார்.

சங்கத் தலைவி யார், உன் அத்தை. ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், கையில் பிரம்பு இல்லையே தவிர மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. முதல் நாளே எழுந்து நின்று, ஞாயித்துக்கிழமை யாரும் பேனா தொடக் கூடாது, அது ஆண்டவர் நாள், தின்னதை எழுதறதும் ஒரு வேலைதான் என்று சட்டம் போட்டாள். நர்ஸும், வாரத்துல ஒரு நாள் விட்டா பாதகமில்ல மாமி என்று தலையாட்டினாள். எங்கள் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரே குஷி. திங்களிலிருந்து சனி வரை காலையில் ஒரு துண்டு கறிப்பலா, சாயங்காலம் வேகவைத்த மீன், கீரை, அதோடு வாயைக் கட்டினேன். உன் அப்பா என்னைப் பார்த்து, வீட்ல யாரோ செத்துப்போன மாதிரி சமைக்கிறியே என்றார். ஞாயிறு வந்தால், கோவிலுக்குப் போகும்முன் மண்ணுக்கடியில் மூடி வைத்த குழி அடுப்பைத் திறக்கிற நேரத்துக்கு, ஆறு நாள் அடக்கின பசி என்னை விட வேகமாக நடந்து போய் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும். ஐந்து வாரத்தில் நான் குறையவில்லை, ஒன்றரை கிலோ கூடினேன். முக்கால்வாசிப் பேரும் கூடத்தான் செய்தார்கள், உன் அத்தையும் ஒரு கிலோ கூடினாள், அது கால் வீக்கத்தில் நிற்கிற தண்ணீராம்.

அந்த ஐந்தாவது திங்களன்று நான் மெஷினில் நிற்கும்போதே உன் அத்தை என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். புரட்டிவிட்டு முப்பது பேர் நடுவில், இந்த நோட்டு நிஜம்னா இவ இந்நேரம் எலும்பாத்தான் இருக்கணும், ஒண்ணு மெஷின் பொய் சொல்லுது, இல்ல லெசியெலி பொய் சொல்றா, மெஷினுக்குப் பேத்தியப் பார்க்கிற ஆசையெல்லாம் கிடையாது என்றாள். கூட்டம் சிரித்தது. அது போதாதென்று, அஞ்சாவது படிச்சவ கையில கணக்கைக் குடுத்தது எங்க தப்பு என்றும் சொன்னாள். பட்டியலில் என் பெயர் மேல் கோடு போட்டாள். என் எதிரிலேயே போட்டாள் லூபே, அளவுகோல் வைத்து நேராகப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் என்ன செய்வார், நம் வழக்கப்படி அக்காவைப் பற்றி ஒரு சொல் பேசக்கூடாது, அவள் இருக்கிற அறையில் உட்காரக்கூடக் கூடாது, அவள் சாப்பிட வருகிற ஞாயிறெல்லாம் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு பன்றிக் கொட்டில் பக்கம் போய்விடுகிற மனுஷர். விட்டுடு, அவ பெரியவ என்றார். நான் விடவில்லை. திங்கள் முதல் சனி வரை நான் எழுதியதில் ஒரு கீரைத் தண்டு குறையாது. அப்படியானால் அந்த ஒன்றரை கிலோ எந்த வழியாக வந்தது, எழுதாத நாள் வழியாகத்தான் வந்தது. எனக்கு வந்த வழியாகத்தானே அவளுக்கும் வந்திருக்கும்.

அவளுக்குப் பரிமாறுவது யார், நான்தானே. உன் அப்பாவின் அக்கா என்று முதல் பாயில் உட்கார வைத்து, நல்ல பாகமெல்லாம் எடுத்து எடுத்து முப்பத்தாறு வருஷமாக வைக்கிற கை இது. அடுத்த நாலு ஞாயிறும் வழக்கம்போல வைத்தேன், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா மதினி என்று கேட்டுக் கேட்டு வைத்தேன். பேனா தொடவில்லை. புத்தகத்தைப் பார்க்காமல் நூற்றுப்பத்துப் பாட்டைப் பாடுகிற எனக்கு ஒரு தட்டு ஞாபகம் இருக்காதா. திங்கள் காலை சூரியன் கடலுக்கு மேல் வந்த பிறகு உட்கார்ந்து இரண்டு பேர் தின்றதையும் எழுதினேன், இடது பக்கம் நான், வலது பக்கம் அவள்.

நாலாவது திங்கள் கூடத்துக்குப் போனேன். உன் அப்பா விஷயம் தெரிந்து விடியும்போதே மரவள்ளித் தோட்டத்துக்கு ஓடிவிட்டார். பெயரில் கோடு விழுந்தவளுக்கு இங்கே என்ன வேலை என்று உன் அத்தை கேட்குமுன் எழுந்து நின்று, முந்தின நாள் கணக்கில் என் பக்கத்தை முதலில் படித்தேன். சேப்பிலையில் டின் மாட்டுக்கறியும் தேங்காய்ப்பாலும் வைத்துக் கட்டிய லூ பொட்டலம் நாலு, பன்றித் தொடை ஒன்று, பெருவள்ளிக்கிழங்கு ஆறு துண்டு, தர்பூசணிப் பானம் மூன்று குவளை, பாத்திரத்தைக் கழுவுமுன் வழித்த கொழுப்பு ஒரு கை. செய்னி கூட்டிப் பார்த்துவிட்டு, மாமி, இது மூணு நாள் சாப்பாடு என்றாள். பெண்கள் சிரித்தார்கள், எனக்கும் வெட்கம்தான், ஆனால் அது நானே அவிழ்த்த வெட்கம். அப்புறம் பக்கத்தைத் திருப்பினேன். மதினி, லூ ஆறு. பன்றி முதுகு, முறைப்படி மதினிக்கே உரியது, முழுசும். காது இரண்டு. மொறுமொறுப்பான தோல், தட்டுக்கு வருமுன் அடுப்பங்கரையில் நின்றே தின்றது, மூன்று பட்டை. பூனைக்கு என்று துணியில் கட்டி எடுத்துப்போனது லூ இரண்டு, பூனை கிடையாது. இந்த இடத்தில் பின்வரிசையில் யாரோ பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள்.

உன் அத்தை முகம் சுட்ட கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. ஓய்வு நாள்ல கணக்கு எழுதியிருக்கா, இவ ஓய்வு நாளைக் கெடுத்தவ என்று கத்தினாள். இல்லை மதினி, எழுதினது திங்கட்கிழமை, ஞாயித்துக்கிழமை நான் உங்களை அன்பாப் பார்த்துக்கிட்டு மட்டும்தான் இருந்தேன் என்றேன். போதகரைக் கேட்டார்கள். அவர் கூரையைப் பார்த்து யோசித்து, பார்க்கிறது வேலையில சேராது என்று தீர்ப்புச் சொன்னார். நர்ஸ் அன்றே விதியை மாற்றினாள், ஞாயிறு தின்றதைத் திங்கள் காலை எல்லோரும் எழுத வேண்டும் என்று. என் பெயர் மறுபடி ஏறியது. ஆனால் அவள் மட்டும், லெசியெலி பொய் சொல்லல என்ற மூன்று வார்த்தையை இன்று வரை அந்தக் கூடத்தில் சொல்லவில்லை.

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல். அன்றிலிருந்து ஞாயிறு என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவள் கை பன்றிக்கறிப் பக்கம் போகும், நான் பார்ப்பேன், கை நிற்கும். அந்தக் கை நிற்பதைப் பார்ப்பதற்கே எனக்கு வாரம் முழுக்கக் காத்திருக்கலாம் போல இருந்தது. ஒரே ஒரு லூ, எலுமிச்சையில் ஊறின பச்சை மீன் கொஞ்சம், போதும் லெசியெலி என்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு. மூன்று மாதம் அப்படியே வைத்துப் பார்த்தேன். பழி வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு நானே அவளைச் செதுக்கியிருக்கிறேன். ஆகஸ்ட் கடைசித் திங்கள், நான் பதினொரு கிலோ குறைந்திருந்தேன், அவள் பதினான்கு. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னாள், நர்ஸுக்குச் சொன்னாள், தன் கட்டுப்பாட்டுக்குக்கூட நன்றி சொன்னாள். என்னைப் பார்த்து, உன் பேத்திக்கு என்ன சொல்லணும் சொல்லு, சொல்லிடறேன் என்றாள். என்னால் அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் விழுங்க முடியவில்லை, அதையும் மறுநாள் நோட்டில் எழுதினேன்.

இப்போது கேள். செய்னி இன்னொரு விதி வைத்திருக்கிறாள், ஜெயித்தவள் பயணம் முடிந்து வந்ததும் மறுபடி மெஷினில் ஏற வேண்டும், மூன்று கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் கிறிஸ்துமஸுக்கு ஆக்லாந்து போகிற பாடல் குழுவில் இருக்கிற ஒரு இடம் இரண்டாவதாக வந்தவளுக்கு. இரண்டாவது நான். மாநாடு நாலு நாள்தான், மீதியோடு சேர்த்து மூன்று வாரம் அவள் உன் வீட்டில். பயணத்துல எழுத வேண்டியதில்ல, இதெல்லாம் இஷ்ட நாள் என்று இப்போதே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், போன வாரம் படகுத்துறைக்கு வேறு யாரையோ வழியனுப்பப் போன இடத்தில் நின்றவர்கள் காதிலும் போட்டாயிற்று.

அதனால் உனக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை, மரியாதை செய் என்றுதான் சொல்கிறேன். உன் அப்பாவின் அக்கா, உன் தலைக்கு மேல் இருக்கிறவள், அவளுக்கு நல்ல பாகம் வைக்காவிட்டால் நம் குடும்பத்துக்குத்தான் கேவலம். கொழுப்போடு ஆட்டு விலாக்கறி அங்கே நிறையக் கிடைக்கும், வாங்கு. டின் மாட்டுக்கறி பெரிய டின்னாக வாங்கு. தேங்காய்ப்பாலை நீர்க்க ஊற்றாதே. தட்டு காலியாவதற்குள் அடுத்ததை வை, வேண்டாம் என்றால் அம்மா வருத்தப்படுவா அத்தை என்று சொல், அது பொய்யும் இல்லை. அவளுக்கு எதிரில் நோட்டையோ போனையோ எடுக்காதே, முறைத்துப் பார்க்காதே, நான் செய்த தப்பு அதுதான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு குழந்தையைக் கொஞ்சு. ஆனால் ஒவ்வொரு திங்களும் அவள் தின்றதை எழுதி எனக்கு அனுப்பு, எனக்குப் படிக்க வேண்டும். அவளோடு உட்கார்ந்து நீயும் அள்ளிப் போட்டுக்கொள்ளாதே, உன் தட்டில் உன் பத்தியம் இருக்கட்டும். உன் இஷ்ட நாள் வந்தால் நன்றாகச் சாப்பிடு, யார் வேண்டாம் என்றது, ஆனால் கடைசி வாய் வரை பதிந்துவிடு. என்னை மாதிரி முப்பது பேர் நடுவில் நின்று, எங்கேயிருந்து வந்தது இது என்று முழிக்கக் கூடாது நீ.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் கையில் பலமும் வீட்டில் சமாதானமும் குறையாமல் இருக்கட்டும், சிலியாவுக்கு அடுத்த பல்லும் நோகாமல் முளைக்கட்டும், கிறிஸ்துமஸுக்கு அவள் என் மடியில் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. உன் அத்தைக்கு இனிப்பு கொடுக்காதே, கேக்கும் ஐஸ்கிரீமும் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. இடது காலில் சின்ன விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் போன வருஷம் வந்த புண் இப்போதுதான் ஆறியிருக்கிறது, அவளுக்குச் சர்க்கரை, அது உனக்குத் தெரியாது, யாருக்கும் சொல்ல மாட்டாள். சாயங்காலம் வெந்நீர் வைத்துக் கால் கழுவி விடுகிறேன் அத்தை என்று நீயே உட்கார், துடைக்கிற சாக்கில் விரல்களை விரித்துப் பார், சிவந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, எனக்கும் போன் பண்ணு, எத்தனை நிமிஷத்துக்குக் காசு ஆனாலும் சரி. எனக்கு அவள் மூன்றரை கிலோ கூடி, இரண்டு காலிலும் அந்த மெஷினில் ஏறி நிற்க வேண்டும்.

உன் அம்மா,
லெசியெலி