சிவப்பு வட்டத்திலிருந்து ஓர் அம்பு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகக் குழு வரலாறு காணாத முடிவு ஒன்றை எடுத்திருக்கிறது. நுழைவுக் கூடத்துச் சுவர் இனி வெளிர் நீலம். இளம்பச்சை அணி கடைசிவரை போராடித் தோற்றது. தலைமை மருத்துவர் முகத்தில் போர் முடிந்த களைப்பு.

அந்தச் சுவருக்கு ஓவியம் வேண்டுமாம். புது லிஃப்டைச் சோதித்து நான் போட்ட வரைபடத்தையே வரையலாம் என்றேன். வரைவதற்கு உன்னைச் சொன்னேன். ஒவ்வொரு வட்டமும் லிஃப்டின் ஒரு நிலை: நிற்கிறது, ஏறுகிறது, கதவு திறந்திருக்கிறது. எதிலிருந்து எதற்குப் போகலாம் என்று அம்புகள் சொல்லும். நடுவில் ஒரு சிவப்பு வட்டம். அதற்குள் அம்பு வருகிறது, வெளியே எதுவும் போகவில்லை. ஏறும்போது கரண்ட் போய்த் திரும்பினால், மூடிவிட்டேன் என்று கதவு சொல்லட்டும் என லிஃப்ட் காத்திருக்கும். எந்த மாடி என்று லிஃப்ட் சொல்லட்டும் எனக் கதவு காத்திருக்கும். இரண்டும் நகராது, நம் வீட்டுச் சண்டை மாதிரிதான். உள்ளே ஸ்ட்ரெச்சரில் இருப்பவர்தான் பாவம்.

இந்தக் கோளாறைப் பற்றி நான் கொடுத்த அறிக்கையை ஒருவரும் படிக்கவில்லை. சுவர் அளவுக்கு இருந்தால் கண்ணில் படாமலா போகும்? லிஃப்டைத் திறப்பதற்குள் முடித்துக் கொடு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

ஓவியம் முடிந்தது. நீ வெளியூர் வேலையில் மாட்டிக்கொண்டது வருத்தம். தலைமை மருத்துவர் கண் கலங்கிவிட்டார். சிவப்பு வட்டத்தைப் பார்த்து மட்டும், "என்னப்பா இது, ரத்தம் மாதிரி? போக வழியில்லாம முழிச்சுக்கிட்டு நிக்குது. பேஷன்ட் பாத்தா பயந்துருவான்" என்றார். எனக்கும் அந்த இடத்தில் மூச்சு முட்டியது. ஓர் அம்பை வெளியே விட்டேன், பொன்னிறத்தில். படத்துக்கே உயிர் வந்துவிட்டது. வந்து பார், வழக்கம்போல் குறை சொல்லாதே.

உன் தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

பார்த்தேன். திறப்புக்கு முந்தைய கடைசிக் கூட்டம் இன்று. சிவப்பு வட்டம் என்று வாயெடுத்ததுமே தலைமை மருத்துவர் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்துப் போனார். "அதான் வழி இருக்கேம்மா, தங்கக் கலர்ல!" லிஃப்ட் கம்பெனிக்காரன் போனில் படம் எடுத்துக்கொண்டான். அது தம்பி போட்ட அம்பு, லிஃப்டில் கிடையாது என்று கத்தினேன். "அக்கா தம்பி சண்டைய வீட்டுல வச்சுக்கம்மா" என்றார் தலைமை மருத்துவர். சிரித்தார்கள். லிஃப்டைத் திறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

உன் அம்பு எந்தக் கம்பியிலும் ஓடவில்லை. திங்கட்கிழமை திறப்பு. அதற்குள் வந்து அழி. கெஞ்சவில்லை, சொல்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 4

அக்கா,

அழிக்க மாட்டேன். என் கண்காட்சி எதற்கும் நீ வந்ததில்லை. இப்போதுதான் முதல்முறையாக என் ஓவியம் ஒன்றை உற்றுப் பார்த்திருக்கிறாய், அதுவும் அம்பு எண்ணுவதற்கு. நான் வரைந்தது படம். படத்தைப் பார்த்து லிஃப்ட் விடுகிறவர்களிடம் போய்க் கத்து. என் சுவரை உன் அறிக்கையாக்கப் பார்த்தது நீ.

தம்பி

ஏப்ரல் 19

தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை கரண்ட் போய்த் திரும்பியது. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. உள்ளே, இயந்திரத்தில் கை நசுங்கி அவசர அறுவை சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண். தீயணைப்புக்காரர்கள் கதவை அறுக்கும்வரை அவள் கணவர் உன் ஓவியத்தின் முன்தான் உட்கார்ந்திருந்தார். "அழகா இருக்குங்க. என்னதுங்க இது?" என்று என்னைக் கேட்டார். காப்பாற்றியிருக்கக்கூடிய கையை எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக் குழு முடிவு சொல்லிவிட்டது: சுவரில் காட்டப்பட்ட வழியை லிஃப்ட் பின்பற்றத் தவறிவிட்டது. உன்மேல் குற்றமில்லை. என்மேலும் இல்லையாம்.

இனி எனக்கு எழுதாதே. நான் உனக்கு அக்கா என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே.

நோயாளிகளைப் படிக்கட்டில் தூக்கிச் செல்கிறார்கள்.