வெள்ளை அடிக்காத சுவர்

அன்புள்ள மகாராணிக்கு,

உன் பெயின்டர் எழுதுவது. நானும் உன் மகள் வாலுவும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? வேலைக்குப் போன ஊரில் விடுதியில் மேல்கட்டிலைக் கொடுத்திருந்தால் கூச்சப்படாமல் கீழ்க்கட்டிலைக் கேட்டு வாங்கு. இது போனில் சொல்ல எனக்கு வாய் வராத விஷயம், அதனால்தான் கடிதம். சிரிக்காமல் படி.

வாலு படிக்கும் பள்ளியில் சுவர்களுக்குப் படம் வரையும் வேலை கிடைத்தது என்று சொன்னேன் அல்லவா? இதயம், நுரையீரல் எல்லாம் சுலபமாக முடிந்தன. கடைசியாக அறிவியல் டீச்சர் புத்தகத்தைப் பிரித்துக் கர்ப்பப்பையை வரையச் சொன்னார். தீப்பெட்டி அளவில் இருந்ததை நான் கதவு அளவுக்குப் பெரிதாக்கிவிட்டேன். வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டு, மாட்டுத் தலை நல்லா வந்திருக்குண்ணே, கண்ணு மட்டும்தான் பாக்கி என்றார்.

பெற்றோர் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஏழாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு, கெட்டுப்போறதுக்கா என்று ஒருவர் குதித்தார். தெரியாமத்தாங்க கெட்டுப்போவாங்க என்றார் டீச்சர். இன்னொருவர் என்னைப் பார்த்து, நீயும் பொம்பளப் பிள்ளையப் பெத்தவன்தானே என்று கேட்டார். கடைசியில், வெள்ளை அடித்து அதன்மேல் ஒரு மரத்தை வரைந்துவிடு, இல்லையென்றால் மீதிச் சுவர்களுக்கு வேறு ஆள் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை வெள்ளையைக் கலக்கிக்கொண்டு நின்றேன். கூடவே வந்திருந்த வாலு படத்தையே பார்த்துவிட்டு, அப்பா, இது எனக்குள்ளயும் இருக்கா என்று கேட்டாள். இருக்கும்மா என்றேன். எங்கே என்றாள். வெள்ளை டப்பாவைக் கீழே வைத்தேன். அப்புறம், டீச்சர் எனக்கு விளக்கியதையெல்லாம் பிரஷ் கட்டையால் தொட்டுக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாதாமாதம் வருவதையும் சொன்னேன். கணக்குப் பாடம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டாள், கழுதை. நான்தான் உளறினேன்.

அதற்குமேல் வெள்ளையைத் தொட எனக்கு மனசு வரவில்லை. டப்பாவை மூடினேன். மீதிச் சுவருக்கு வேற ஆளப் பாத்துக்கங்க சார், இத அழிக்க என்னால ஆகாது என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திட்டாதே. இன்று காலைவரை படம் அப்படியே இருக்கிறது, நாளைக்கு என்ன ஆகுமோ தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் வாலு இன்னொன்றும் கேட்டாள். வலிக்குமாப்பா என்றாள். எனக்குத் தெரியாதும்மா, அம்மாவக் கேட்டுச் சொல்றேன் என்றேன்.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. இப்போதைக்கு இன்னொரு பிள்ளை நம்மால் முடியாது என்று நாம் சேர்ந்து முடிவெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கலைத்துவிட்டு வந்தோமே, அன்று சாயங்காலம் நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். அந்த முடிவில் உனக்கும் வருத்தமில்லை, எனக்கும் இல்லை. ஆனால் நீயாக எதுவும் சொல்லவில்லை. கேட்டால் அழுவாயோ என்று நானும் கேட்கவில்லை.

பிள்ளைக்கு உடனே ஒரு கடிதம் எழுது, தபால்காரர் மணியடித்தால் வாசலுக்கு ஓடுகிறாள். அதே உறையில் எனக்கும் தனியாக ஒன்று வை. நீ எழுதுவது எதுவானாலும் நான் முழுசாகப் படிப்பேன்.

ரொம்ப வலித்ததா, கண்ணே?

என்றும் உன்,
பெயின்டர்