கேட்டை விடமாட்டோம், நைனா

என் ஆசை நைனாவுக்கு,

உன்னைப் புதைத்து ஒரு மாசம் ஆகிறது. ஆவடிக்குப் போகிற ரயில்களுக்குக் குறைச்சல் இல்லை. சண்டை நடக்கிறதால் பட்டாள லாரிகளும் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ரயில்வே கேட்டில் உன் இடத்தில் இப்போது ஒரு பதில் ஆள் கொடி பிடிக்கிறான்.

கேட் என்றால் கதவு என்று மிஷன் பள்ளியில் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். பாவம், அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. பூந்தமல்லிக்குக் கத்தரிக்காய் ஏற்றிப்போகிற வண்டிக்காரனுக்கு கேட் என்றால் வைதுகொண்டே காத்திருக்கிற இடம். மற்றவர்களுக்கு அது ஓர் ஊர்ப்பெயர் மாதிரி; "கேட்டாண்ட எறங்கிக்க" என்கிறார்கள். உனக்கு அது வேலை. "கேட்டு கெடச்சப்புறம்தான் உங்கம்மாவ கட்னேன்" என்று சொல்லிச் சிரிப்பாயே! கேட்டை ஒப்படைக்கச் சொல்லி ரயில் கம்பெனியிலிருந்து வந்த காகிதத்தைப் படித்துக் காட்டியபோது, அம்மா திரும்பி அடுப்பைத்தான் பார்த்தாள். அவளுக்கு அது வீடு.

போன வெள்ளிக்கிழமை ரயில்வே இன்ஸ்பெக்டர் தண்டவாளத்தில் தள்ளிவருகிற டிராலியில் வந்தார். வேலையைத் தனக்கே கொடுக்கும்படி அம்மா கேட்டாள்.

"பொம்பளைக்கு இன்னாமா தெரியும்? ஊட்ட காலி பண்ணு, புதுசா ஆளு வர்றான்" என்றார்.

அம்மா வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று உனக்கும் எனக்கும் தெரியும். உன் கண்ணில் பூ விழுந்த பிறகு ரயில் வருவதைச் சொல்லும் கைகாட்டி மரம் இறங்கிவிட்டதா என்று பார்த்ததும், கேட்டைப் பூட்டியதும், கொடி பிடித்ததும் அவள்தான். டிராலிச் சத்தம் கேட்டால் கொடியை உன் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கண் தெரியாதவன் கேட்டில் நின்றான் என்று வெளியே வந்தால் உன் பெயர் என்ன ஆகும்? தெருவில் நின்றாலும் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாளாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது, நைனா.

நான் சொல்லிவிட்டேன். "ரெண்டு வருசமா இந்த கேட்ட பாத்துகினு இருந்தது எங்கம்மாதான் சார். நைனாவுக்குக் கண்ணு தெரியல."

அம்மா என்னை அறைந்தாள். "செத்தவர காட்டிக் குடுக்கிறியேடி!"

அந்த நேரம் பார்த்துக் கைகாட்டி இறங்கியது. அம்மா என்னை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் கேட்டை இரண்டு பக்கமும் சாத்திப் பூட்டினாள். லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கத்தினான். அவள் திரும்பவே இல்லை. பதில் ஆள் கையில் பீடியோடு வேடிக்கை பார்த்தான்.

ரயில் போனபின் இன்ஸ்பெக்டர் என்னிடம் சொன்னார்: "இத நான் முடிவு பண்ண முடியாது. திங்கக்கெழம பெரிய தொரகிட்ட வந்து இதையே சொல்லு. உங்க நைனா பேரு கெடும், தெரியுமில்ல?"

தெரியும். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. நீயும் கோபித்துக்கொள்வாயா? கண் மங்கியும் எங்களுக்குச் சோறு போட்டாய். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நாளைக்குத் திங்கள். துரை முன்னால் உன் கண்ணைப் பற்றியும் சொல்வேன், அம்மாவின் வேலையைப் பற்றியும் சொல்வேன். அவர் நம்பாவிட்டால் நம்பும்வரை அங்கேயே நிற்பேன். தனியாக நிற்கமாட்டேன் என்று நினைக்கிறேன். சற்று முன்புதான் அம்மா என் நல்ல சேலையை எடுத்து வைத்தாள். பக்கத்தில் தன்னுடையதையும் வைத்தாள்.

உன் பிடிவாதத்தோடு பிறந்த மூத்த மகள்,
எஸ்தர்