இருபத்தேழாம் எண் வீட்டின் குளியலறை

அனுப்புநர்:
ம. கருப்பம்மாள் (வயது 46),
சன்னாசி கடைப் பின்வரிசை,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மாவட்டப் போலீஸ் தலைவர் அவர்கள்,
ஈப்போ, பேராக்.

பொருள்: நாள் வாடகைக்கு விடப்பட்ட வீட்டில் மின்சாரம் தாக்கிப் பாப்பா என்ற பெண் இறந்தது குறித்தும், வீட்டுக்காரர் திரு. துரைசிங்கம் கொடுத்த பொய் வாக்குமூலம் குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் உள்ள 27ஆம் எண் வீட்டை ஆறு வருடங்களாகப் பார்த்துக்கொண்டேன். அதன் உரிமையாளர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் திரு. துரைசிங்கம். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அவ்வீட்டை இரண்டு நாள், மூன்று நாள் என்று வாடகைக்கு விடுவார். ரசீதோ ஒப்பந்தமோ கிடையாது. சாவி கொடுப்பதும் பாய் விரிப்பதும் கழுவிவிடுவதும் என் வேலை. சம்பளத்தோடு பின்னறையில் தங்க இடமும் கொடுத்திருந்தார்.

2. சென்ற தைப்பூசத்துக்கு முன் குளியலறையில் சுடுநீர்ப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார். அதைத் திறந்தாலே வீட்டுப் பெரிய சுவிட்சு விழுந்து மின்சாரம் நின்றுவிடும். வந்தவர்கள் குறை சொன்னார்கள். உரிமம் இல்லாத ராஜு என்பவரைக் கூட்டி வந்து, அந்தச் சுவிட்சில் சேராமல் தனியாக வயர் இழுக்கச் செய்தார். அதன்பின் சுவிட்சு விழவில்லை. ஆனால் தரையைக் கழுவும்போது ஈரத்தில் எனக்கு ஷாக் அடித்தது. இரண்டு முறை அவரிடம் சொன்னேன். அவர் சொன்ன பதில் இது: “செருப்பைப் போட்டுக்கொண்டு கழுவு. வாற சனம் ரெண்டு நாளில போயிடும்.”

3. மே மாதம் 18ஆம் தேதி, சிலிம் ரிவரிலிருந்து ஐயாவு குடும்பத்தார் தம் இளைய மகள் கல்யாணத்துக்காக வந்து தங்கினார்கள். 20ஆம் தேதி, கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு, மணப்பெண்ணின் அக்கா பாப்பா குளிக்கப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கதவை உடைத்தபோது உயிர் இல்லை. கைக்குழந்தைக்காரி. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தாய் ராக்காயி என் கையைப் பிடித்து, “நீதானக்கா சாவியக் குடுத்த? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?” என்று கேட்டார்.

4. திரு. துரைசிங்கம் போலீசில் கொடுத்த வாக்குமூலம்: வீடு பூட்டிக் கிடந்தது, வேலைக்காரி தனக்குத் தெரியாமல் ஆட்களைத் தங்க வைத்தாள், பெட்டியைப் பொருத்தியதும் அவளே. தங்கள் அதிகாரிகள் என்னை மரியாதையாகத்தான் விசாரித்தார்கள். நான்தான் பயத்தில் வாய் திறக்காமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மறுநாளே என் துணிமணிகள் ரோட்டில் கிடந்தன.

5. ஐயா, யார் வருகிறார்கள், எத்தனை பேர் என்று துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்புவது அவர் பழக்கம். பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் கடைச் சாமான் பட்டியல் எழுத வைத்துக்கொள்வேன். அவர் கையெழுத்தில் பதினான்கு துண்டுகள் என்னிடம் உள்ளன. கடைசித் துண்டு மே 17ஆம் தேதி வந்தது: “சிலிம் ரிவர் ஆட்கள் பன்னிரண்டு பேர். குளியலறை விஷயம் அவர்களிடம் பேச வேண்டாம்.”

6. போன வாரம் அவரே காரில் சுங்கை சிப்புட்டுக்கு வந்தார். ஆறு வருடத்தில் முதல்முறையாக என்னை உட்காரச் சொன்னார். “அந்தத் துண்டுகளைத் தந்தால் பின்னறையில திரும்ப இருக்கலாம்” என்றார். எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். நிம்மதியாகப் போனார். அந்த நிம்மதியைக் கெடுக்கவே இம்மனுவை எழுதுகிறேன். இதை மறைக்க விரும்பவில்லை.

7. பாப்பா இறந்த பின் கழற்றிய பெட்டி அவர் வீட்டுக் கோழிக்கூட்டின் பின்னால், சாக்குக்குள் கிடக்கிறது. பக்கத்து வீட்டார் சொல்லியனுப்பியபடி, 27ஆம் எண் வீட்டில் வரும் சனிக்கிழமை, 16ஆம் தேதி, பீடோரிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் தங்க வருகிறது. சுவரில் மறுபடியும் புதுப் பெட்டி ஏறியிருக்கிறது. வயர் பழையதுதான்.

8. ஆகையால், சனிக்கிழமைக்கு முன் அவ்வீட்டைப் பூட்டி, சாக்கைக் கைப்பற்றி, ராஜுவை விசாரித்து, திரு. துரைசிங்கத்தின் மீது வழக்குத் தொடுக்க வேண்டுகிறேன். அவரைக் கைது செய்ய நேர்ந்தால், அவர் தலைவராக இருக்கும் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், எல்லாரும் பார்க்கச் செய்யுமாறு கேட்கிறேன். இப்படிக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

9. அந்தக் குளியலறையின் ஆபத்து எனக்கு முன்பே தெரியும். பின்னறை போய்விடுமே என்று பாப்பாவிடம் சொல்லாமல் சாவியைக் கொடுத்தேன். அது குற்றமென்றால் என்மீதும் வழக்குப் போடுங்கள். மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஒன்று மட்டும் செய்யுங்கள், எங்கள் இருவரையும் ஒரே கூண்டில் நிறுத்துங்கள். அவர் பொய் சொல்லத் தொடங்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

துண்டுகளில் பதின்மூன்றை இத்துடன் இணைத்துள்ளேன். மே 17ஆம் தேதித் துண்டைத் தங்கள் கையில் மட்டுமே கொடுப்பேன். இம்மனுவின் மலாய் மொழிபெயர்ப்பு, ஆசிரியை தவமணி செய்தது, பின்னால் உள்ளது.

தாங்கள் அழைக்கும் நாளில் வந்து நிற்கும்,

(ஒப்பம்)
ம. கருப்பம்மாள்

இடம்: சுங்கை சிப்புட்
நாள்: 11.6.1984