பட்டாணி வாசலுக்கு ஓடுகிறான்

மச்சானுக்கு, வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பவளின் ஸலாம்.

துபாய் திரும்பும் பக்கத்து வீட்டு நசீம் அண்ணனிடம் மாங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள்.

மீன்பிடித் தடைக்காலம், கடல் மீன் கிடையாது. குளத்துக் கெண்டையில் நம் மரத்து மாங்காயைப் போட்டு ஆணம் வைத்தேன். உங்கள் செல்லப் பூனை பட்டாணி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் நுங்கு எடுத்துப் போட்ட காயை மட்டும் கூடமெல்லாம் உருட்டி விளையாடுகிறான்.

இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டு வருகிறேன் என்றீர்களே, அதைப் பற்றி எழுதப் போவதில்லை. வேலை முக்கியம்.

பட்டாணியால்தான் தொல்லை. ஸ்பீக்கரில் உங்கள் குரலைக் கேட்டதும் வாசலுக்கு ஓடுகிறான். "போன்லதாண்டா பேசுறாங்க, உள்ள வா" என்று கூப்பிட்டாலும் வருவதில்லை. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பாவம், வாயில்லா ஜீவன். அதனால் கொஞ்ச நாளைக்குப் போன் வேண்டாம், கடிதம் எழுதுங்கள்.

அவனைத் தனியாக விட மனமில்லாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். ஆணம் ஆறிப்போகிறது.

இப்படிக்கு,
பட்டாணிக்குத் துணையாக இருப்பவள்