ஒரு வினாடி, நாற்பது வினாடி

அன்பு மகள் சிட்டுவுக்கு,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம், மானம் மட்டும்தான் போய்விட்டது. நேற்று மூளை டாக்டர் அறையில் ஐந்தாறு பேர் முன்னால், இது என் வீட்டுக்காரி தலையே இல்லை, வேறு யார் படத்தையோ காட்டுகிறீர்கள் என்று சத்தம் போட்டுவிட்டேன்.

அம்மாவின் வலது கண் இமை இறங்கிப்போனது உனக்குத் தெரியும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஓரிடத்தில் பட்டாணி அளவு புடைத்து நரம்பை அழுத்துகிறதாம், வெடித்தால் உயிருக்கே ஆபத்தாம். வியாழக்கிழமை தொடை வழியாக மெல்லிய கம்பிவலை ஒன்றைக் கொண்டுபோய் அங்கே வைக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். முப்பது வருஷம் லாரி எடைமேடையில் உட்கார்ந்தவன் நான், டிரைவர் கும்பிடு போட்டாலே எழுந்துபோய்ச் சக்கரம் மேடைக்கு வெளியே நிற்கிறதா என்று பார்ப்பேன், டாக்டர் சிரித்தால் விடுவேனா, படத்தைக் காட்டுங்கள் என்றேன். ரத்தத்தில் மருந்து கலந்து, வேக எக்ஸ்ரேயில் போன வாரம் எடுத்த படம். ரத்தம் புடைப்புக்குள் பாய்ந்து, ஒரே இடத்தில் மோதி, சுழன்று திரும்புகிறது. கடிகாரத்தையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன், நாற்பது வினாடி ஓடியது. எடுத்ததோ ஒரே வினாடி என்று படமெடுத்த பெண்ணே சொல்லியிருந்தாள். ஏறினது ஒரு மூட்டை, இறங்கினது நாற்பது மூட்டை என்றால் எவன் நம்புவான், அங்கேதான் கத்தினேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. ஒரு வினாடியில ஆயிரம் படம் எடுக்குது ஐயா, அதை வினாடிக்கு இருபத்தஞ்சா மெதுவா ஓட்டறோம், நீங்களே வகுத்துப் பாருங்க என்று பேனாவை நீட்டினாள். மருந்துச் சீட்டின் பின்னால் இரண்டு தடவை வகுத்தேன், இரண்டு தடவையும் நாற்பது. அம்மா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து, கணக்கு சரின்னா கையெழுத்தைப் போடுங்க, உங்க சந்தேகம் தீர்றதுக்குள்ள அது வெடிச்சிரும் என்றாள். போட்டுவிட்டேன். வலை வைத்த பிறகும் அதே மெஷினில் படம் எடுத்து, சுழல் அடங்கியதா என்று எனக்குக் காட்ட வேண்டும் என்று வாக்கும் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் டாக்டர், எத்தனை மாசமா தலைவலி என்று கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமல், ஏழு மாசம் என்றாள்.

பிள்ளைகளும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றார், தள்ளிப்போடாதே. செய்தி கேட்டு நீ அழவே இல்லை என்று உன் தம்பி சொன்னான், அதையும் நான் நம்பவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போடு. நீ நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும்.

அந்த ஏழு மாதமும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதெல்லாம், என்னோடு என் அக்கா வீட்டுக்கு வராமல் தப்பிக்க அவள் சொல்லும் சாக்கு என்றே நினைத்திருந்தேன். டாக்டர் அறையில் அதை மட்டும்தான் நான் சத்தமாகச் சொல்லவில்லை.

உன் அப்பா