புது நம்பரிலிருந்து ஒரு செய்தி

டிசம்பர் 12
ஆண்டு இறுதித் தள்ளுபடி தொடங்கியாயிற்று. மோசடிக்காரர்களுக்கும் இதுதான் சீசன். அலுவலகத்தில் யாரும் ஏமாறாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இன்று ஒன்பது பேர் கைபேசியை நீட்டினார்கள்: "உங்கள் பார்சல் நிற்கிறது, இந்த லிங்கைத் திறக்கவும்." எதையுமே ஆன்லைனில் வாங்காத கேன்டீன்காரருக்கும் ஒரு பார்சல் நிற்கிறதாம்.

டிசம்பர் 15
எனக்கே வந்துவிட்டது. "அக்கா, நான்தான். இது புது நம்பர். சனிக்கிழமைக்குள்ள பார்க்கணும். லிங்க்ல பாரு." பெயர் இல்லை. கெடு உண்டு, லிங்க் உண்டு. யாரிடம்! பிளாக் செய்தேன்.

டிசம்பர் 16
அதையே அலுவலக விழிப்புணர்வு வகுப்பில் திரையில் போட்டுக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். வரவேற்பறைப் பெண் மட்டும், "நெஜமாவே உங்க தம்பியா இருந்தா என்ன மேடம் பண்ணுவீங்க?" என்றாள்.
"பழைய நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கணும், அவ்வளவுதான்."
நான் கேட்டேனா? இல்லை. தம்பியோடு பேச்சு நின்று மூன்று வருடம். அவன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பிறகு யார் முதலில் பேசுவது என்பதிலேயே காலம் ஓடிவிட்டது. போன் போட்டு, செய்தி மோசடி என்று தெரிந்தால்? நானே இறங்கி வந்ததாக ஆகிவிடும்.

டிசம்பர் 19
போலிப் பரிசுக் கூப்பன், பதினான்கு பேருக்கு. வேறொன்றுமில்லை.

டிசம்பர் 23
சித்தி அழைத்தாள். "உன் தம்பி கைக்குழந்தையோட உங்க ஊருக்கு வந்து நாலு நாள் லாட்ஜ்ல இருந்தானாமே. உன்கிட்ட காட்டணும்னுதான் வந்தான். மெசேஜ் போட்டும் நீ மதிக்கலைன்னு சொல்றான்."
லிங்கை இப்போதுதான் திறந்தேன். லாட்ஜுக்கு வழி காட்டும் வரைபடம். என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.
ஐயோ, அத்தனை பேர் முன்னாடி போட்டுச் சிரிச்சேனே! என்ன ஜென்மம்டி நீ?

டிசம்பர் 24
பிளாக்கை நீக்கிவிட்டு இரண்டு எண்களுக்கும் அழைத்தேன். பழையது உபயோகத்தில் இல்லை. புதியது ஒரே ஒரு முறை மணி அடித்துக் கட்டாகிறது, திரும்பத் திரும்ப. என்னை பிளாக் செய்திருக்கிறான். நியாயம்தான்.

டிசம்பர் 27
இன்னொரு சிம் வாங்கினேன். அரை மணி நேரம் எழுதி எழுதி அழித்தேன். எப்படி எழுதினாலும் ஏமாற்றுக்காரி எழுதியது போலவே இருக்கிறது. கடைசியில் இப்படி: "தம்பி, அக்காதான். இது புது நம்பர். பாப்பாவைப் பார்க்கணும்."
அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 28
பதில் வந்தது. "எந்த அக்கா?"
அவனுக்கு இருப்பது ஒரே அக்கா.
மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. அவன் ஊருக்குக் காலை ஏழு மணிக்குப் பஸ்.